பக்கத்து சீட்

அடுத்த கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இடி மாதிரி இருக்கும் என்பார்கள் வெளியாட்கள். இடியாவது உருண்டு ஓயும். இது உருளாது. ஒரே அடி, அதோடு சரி. அலமாரியில் இருந்த சாயப் புட்டிகள் பல் அடித்துக்கொள்வதுபோல் ஒரு முறை கிடுகிடுத்து அடங்கின. அந்தக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் கண்ணாடித் துகள்கள் சிதறி ஓடுவது கேட்டது. அப்புறம் எதுவுமே இல்லை.

அவள் கை நிற்கவில்லை. தூரிகையை உதறி, துணியில் ஒற்றி, மஞ்சள் புட்டியின் மூடியைத் திருகினாள். இன்றைக்கு மோதிய வண்டி எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு துணுக்குறவில்லையே என்று மட்டும் ஒரு நினைப்பு வந்தது. அதுவும், எரிந்து முடிந்த அடுப்பில் கையை வைத்துப் பார்ப்பதுபோல, வெறுமனே வந்து போனது.

புது வண்டிகளை வேண்டுமென்றே மோத விட்டு, உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்று பார்க்கிற இடம் அது. உள்ளே உட்காருவது மனிதர்கள் இல்லை, பொம்மைகள். அந்தப் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, முகத்தில் சாயம் பூசி, பெல்ட் போட்டு உட்கார வைப்பது அவள் வேலை. கூடத்தில் எல்லோருக்கும் அவள் 'பொம்மையம்மா'தான். சம்பளத் தாளைத் தவிர அவள் பெயர் அங்கே யார் வாயிலும் வந்ததில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள். பொம்மைகளுக்குப் பருத்திச் சட்டை தைத்துத் தரச் சொல்லி ஆள் வந்தபோது அளவெடுக்கப் போனாள். பொம்மையின் கையைச் சட்டைக்குள் நுழைக்கத் தெரியாமல் இரண்டு தடியர்கள் அக்குளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். "தள்ளுங்க," என்று சொல்லி, தூங்குகிற குழந்தைக்கு மாட்டுவதுபோல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அங்கேயே தங்கிவிட்டாள்.

வேலை பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். இல்லை. சூட்டில் பொம்மையின் விலா இளகிவிடும் என்று ராத்திரி முழுக்கக் குளிர் அறையில் வைத்திருப்பார்கள். "பொம்மைக்கு ஏசி, பொண்டாட்டி பிள்ளை உள்ளவனுக்கு விசிறி," என்று மெக்கானிக் ஒருவர் தினமும் புலம்புவார். அவருக்கு 'சுத்தியல்' என்று பெயர், வேறு எந்தக் கருவியையும் அவர் மதிப்பதில்லை. காலையில் மூட்டு முறுக்க வேண்டும். கையை நீட்டி விட்டால் அது அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும், ஒரு விரலால் தொட்டால் விழ வேண்டும். அதுதான் பதம். அதற்குப் பிறகு சாயம். நெற்றிக்கு மஞ்சள், முகவாய்க்குச் சிவப்பு, முழங்கால்களுக்கு நீலமும் பச்சையும். மோதி முடிந்ததும் எந்த நிறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், எந்த உறுப்பு எதில் போய் இடித்தது என்று தெரிந்துவிடும். கடைசியில் டிரைவர் பொம்மையின் இரண்டு கட்டைவிரலையும் ஸ்டீயரிங்கில் வைத்து, சின்ன ஒட்டுப்பட்டையால் லேசாக ஒட்டுவாள். பிடித்திருப்பதுபோல் இருக்க வேண்டும், பிடித்திருக்கக் கூடாது.

"எனக்கு ஒரு நாள் இப்படித் தலை சீவி விட்டிருக்கியா," என்று அவள் புருஷன் கேட்பார், அவள் பொம்மைகளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம்.

"அதுக்குத் தலையில முடியே இல்ல."

"எனக்கு மட்டும் இருக்கா? அதான் நமக்குள்ள பொருத்தம் வந்துச்சு."

ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை அவருக்கு. எப்போது பார்த்தாலும் காதுமடலில் மாவு இருக்கும். கண் பார்வை மட்டம். டிரைவிங் லைசென்ஸ் கேட்டுப் போனவரை, சுவரில் எழுதியிருந்த பெரிய எழுத்தே தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆகவே அவள் ஓட்டக் கற்றாள். அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "டிரைவர், போலாம். நான் கிளீனர்," என்பார். வழியெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் காரும் அந்த வெட்டிப் பேச்சும்தான் குடும்பம்.

வண்டியை வாங்கச் சொன்னதும் அவள்தான். நாலு கதவு வைத்த, பின்னால் டிக்கி உள்ள சாதாரணக் குடும்ப கார். அது மோதல் சோதனைக்கு வந்தபோது டிரைவர் பொம்மைக்குச் சட்டை மாட்டியவள் அவள். டிரைவர் பக்கத்து மூலையை இரும்புத் தடுப்பில் மோத விட்டார்கள். பொம்மையின் முகம் ஏர்பேக்கின் நட்டநடுவில் பதிந்திருந்தது. பாதுகாப்புக்கு முழு ஸ்டார் கொடுத்தார்கள். வீட்டில் வந்து சொன்னாள். அவர் தன் தங்கைக்கும் போன் போட்டு, "உங்க அண்ணி கையால சர்டிபிகேட் வாங்கின வண்டிம்மா," என்று பெருமை அடித்தார். தங்கை வீட்டிலும் அதே வண்டி, அதே சாம்பல் நிறம்.

போன வருஷம், மழை பெய்த ஒரு மாலை. நாத்தனார் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. "கண்ணாடியைத் துடைக்கவா?" என்று அவர் கேட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்தது, முகத்துக்கு முன்னால் வெள்ளையாகத் துவண்டுகொண்டிருந்த ஏர்பேக். நடுவில் இருந்தது என்ன என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

வண்டியில் அவர் உட்கார்ந்த பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. அவள் பக்கத்துக் கதவு சாதாரணமாகத் திறந்தது. அவள் இறங்கி நடந்தாள்.

அது போதாதா ஊருக்கு? அதற்கு மேல், நாத்தனார் புருஷன் நொறுங்கிய வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொன்னார். "முன் டயர் ரெண்டும் முழுசா ஒடிச்சுத் திரும்பி நிக்குது. ஸ்டீயரிங்கும் அப்படித்தான்." அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். வார்த்தை வாய் மாறி வாய் மாறி மாமியாரிடம் போய்ச் சேர்ந்தபோது, 'தான் தப்பிக்க வண்டியைத் திருப்பி, அடியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்' என்று ஆகியிருந்தது.

சாவு வீட்டில் அவள் அழவில்லை. யார் யாரோ கட்டிப் பிடித்தார்கள், குலுக்கினார்கள். கண்ணீர் வரவில்லை. "பொம்மைங்களோட இருந்து இருந்து பொம்மையாவே போயிட்டா," என்று யாரோ பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் மறுக்கவில்லை. எதை வைத்து மறுப்பது? ஆபத்தில் கை தன்னால் திரும்புமாம், உயிருக்கு அவ்வளவு ஆசையாம். திருப்பியிருந்தாலும் திருப்பியிருப்பாள். ஒரு வருஷமாகக் காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது தன் இரண்டு கைகளைத்தான்.

இன்று காலை இன்ஜினியர் அவளைத் தேடி குளிர் அறைக்கு வந்தாள். வயதில் சின்னவள். "அக்கா, இன்னிக்கு நீங்க லீவு எடுத்துக்கறீங்களா?"

"எதுக்கு?"

"அதே மாடல்க்கா. இந்தத் தடவை பக்கத்து சீட் பக்கம் மோத விடறோம். இதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கத்தைச் சோதிச்சதில்ல."

அவள் பொம்மையின் காலுறையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "லீவு எடுத்துட்டா பெல்ட் யாரு மாட்டுவா, சுத்தியலா?"

சுத்தியல் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்று கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

டிரைவர் பொம்மைக்குக் கட்டைவிரல் ஒட்டினாள். பக்கத்து சீட் பொம்மைக்கு முகத்தில் மஞ்சள் பூசும்போது மட்டும், காதுமடலில் ஏதோ வெள்ளையாக இருப்பதுபோல் தோன்றியது. குளிர் அறைத் தூசி. விரலால் துடைத்தாள்.

அப்படி அனுப்பி வைத்த வண்டியின் சத்தம்தான் இப்போது வந்தது.

கூடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் அவள் உள்ளே போனாள். கருகிய வாடை. வண்டி தடுப்பிலிருந்து விலகிப் பாதி சுழன்று நின்றிருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவை ஒற்றைக் கையால் திறந்தாள். பொம்மை சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஏர்பேக்கின் நடுவில் மஞ்சளும் அதன் கீழே சிவப்பும், அச்சுப் போட்டதுபோல.

அந்தப் பக்கம் போனாள். கதவு திறக்கவில்லை. சுத்தியல் கடப்பாரை போட்டு நெம்பினார். டாஷ்போர்டு உள்ளே வந்து பொம்மையின் முழங்கால் மேல் ஏறியிருந்தது. நீலமும் பச்சையும் பிளாஸ்டிக்கில் அப்பிக் கிடந்தன. ஏர்பேக்கில் மஞ்சள் ஓரமாக ஒரு கீற்று மட்டும் இருந்தது. மிச்ச மஞ்சள் கதவுத் தூணின் இரும்பில் இருந்தது. தலை ஏர்பேக்கைவிட்டு வழுக்கித் தூணில் போய் மோதியிருக்கிறது.

அவள் பார்த்தாள். டாக்டர் தன்னிடம் சொன்ன காயங்கள் ஒவ்வொன்றும் எந்த நிறம் என்று இப்போது தெரிந்தது. கண் கலங்கவில்லை. குறிக்க வேண்டியதைக் குறித்தாள். "அக்கா, உட்காருங்க," என்று இன்ஜினியர் சொன்னது எங்கோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டது.

பெல்ட்டைக் கழற்றக் குனிந்தபோதுதான் தரையில் அந்த டயரைப் பார்த்தாள்.

முன் டயர் இரண்டும் முழுசாக ஒடித்துத் திரும்பியிருந்தன. எழுந்து ஸ்டீயரிங்கைப் பார்த்தாள். அதுவும் சுழன்றிருந்தது. பொம்மையின் ஒரு கட்டைவிரலில் ஒட்டுப்பட்டை அறுந்து தொங்கியது.

"மோதினப்ப எடுத்த படத்தை எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டறியாம்மா?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்ட முதல் உதவி அது. இன்ஜினியர் ஒன்றும் கேட்காமல் திரையைத் தன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

படம் மெல்ல மெல்ல நகர்ந்தது. மூலை தடுப்பைத் தொட்டது. பம்பர் காகிதம்போல் மடங்கியது. அந்தப் பக்கத்து டயர் பின்னால் தள்ளப்பட்டது. அது தள்ளப்பட்ட வேகத்தில் ஸ்டீயரிங் சுழன்றது. ஒட்டியிருந்த பொம்மையின் கையும் அதோடு சேர்ந்து மேலேறிப் போய் இறங்கியது. யார் பார்த்தாலும் பொம்மை திருப்பியது என்றுதான் சொல்வார்கள். தன் உயிருக்குப் பயந்து வெடுக்கென்று திருப்பியது என்று.

"டயர் உள்ள போச்சுன்னா அதோட கம்பி இழுத்து ஸ்டீயரிங் தானா சுத்தும்க்கா," என்றாள் இன்ஜினியர். "வண்டி செஞ்சவங்க டிரைவர் பக்கம் மட்டும் கூடுதலா இரும்பு வெச்சிருக்காங்க. பரீட்சைக்கு வர்ற கேள்வியை மட்டும் படிச்சிட்டு வர்ற பையன் மாதிரி. அறிக்கை வெளியில வர இன்னும் நாளாகும்."

"இன்னொரு தடவை," என்றாள் அவள். பொம்மையின் கை மறுபடி மேலேறி இறங்கியது.

நெஞ்சுக்குள் ஏதாவது உடைய வேண்டும், உடைந்து கொட்ட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். கதையில் என்றால் இந்த இடத்தில் அவள் விழுந்து கதறியிருப்பாள். உடையவில்லை. ஆனால் ஒரு நினைப்பு மட்டும் தண்ணீர்போல் சில்லென்று உள்ளே இறங்கியது. நாத்தனார் வீட்டில் அதே வண்டி. பக்கத்து சீட்டில் நாத்தனார். அவள் மடியில் குழந்தை.

போன் போட்டால் எடுக்க மாட்டாள். ஒரு வருஷமாக எடுத்ததில்லை.

கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அந்த எஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்தாள். நாத்தனார் நின்றிருந்தாள். தெருவிளக்கடியில் சாம்பல் நிற கார். உள்ளே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நாத்தனார் புருஷன், பக்கத்து சீட்டைச் சாய்த்துப் போட்டு அதில் தூங்கும் குழந்தை.

"வாம்மா. உன் வீட்டுக்காரர் உள்ள வரலையா?"

"பாப்பா தூங்குறா. உட்கார வரல அண்ணி. அம்மா, அண்ணனோட பின்னல் சட்டையைக் கேட்டாங்க. அவங்க கையால பின்னுனது. வாங்கிட்டுப் போயிடறேன்."

சட்டை படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் இருந்தது, அவர் மாட்டிவிட்டுப் போனபடியே. எடுத்துக்கொண்டு வந்து மடித்தாள். பழக்கத்தில் கைகளை உள்ளே விட்டு, தோளைத் தட்டி, காலரைச் சரி செய்தாள். நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மைக்கு மடிக்கிற மாதிரியே மடிக்கிறீங்க."

"ஆமா. வேற மாதிரி வராது." சட்டையை நீட்டினாள். ஆனால் பிடியை விடவில்லை. "ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டு நிமிஷம் கேளு. அப்புறம் நீ என்ன வேணா சொல்லிக்கோ."

நாத்தனார் நின்றாள். உட்காரவில்லை.

அவள் சொன்னாள். அதே வண்டி, அந்தப் பக்கம், நீலம், பச்சை, தூணில் ஒட்டிய மஞ்சள். டயர். ஸ்டீயரிங்கோடு போன பொம்மையின் கை. அழாமல், குரல் ஏறாமல், கூடத்தில் குறிப்புச் சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

"ஓஹோ," என்றாள் நாத்தனார். "அதாவது நீங்க திருப்பலை, வண்டியே திரும்பிடுச்சு. இதைச் சொல்லத்தான் ஒரு வருஷம் ஆச்சா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பின்ன?"

"மோதினதும் தானா திரும்பும்னு இன்னிக்குப் பார்த்தேன். மோதறதுக்கு முன்னாடி நான் திருப்பினேனா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்கண்ணன் கண்ணாடியைத் துடைக்கவான்னு கேட்டார். அதுக்கு நான் பதில் சொன்னேனான்னுகூடத் தெரியல."

நாத்தனார் முகத்தில் ஏதோ அசைந்தது. அவள் அதை உடனே அடக்கிக்கொண்டாள். "உங்க பொம்மைக்கு என்ன அண்ணி. அதுக்குப் பக்கத்துல புருஷனா உட்கார்ந்திருந்தான்?"

"இல்ல."

"அப்ப அதையும் உங்களையும் ஒண்ணா வெச்சுப் பேசாதீங்க."

"சரி. பேசல. என்னை நம்பவும் வேணாம். உங்க அம்மாகிட்ட எதுவும் சொல்லவும் வேணாம்." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "அந்த சீட்டுல மட்டும் உட்காராத. பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு அங்க உட்காராத. வண்டியை மாத்தற வரைக்கும் பின்னாடி, உன் வீட்டுக்காரருக்குப் பின்னாடி உட்காரு. அவ்வளவுதான் நான் கேக்குறது."

"வண்டியை வாங்கச் சொன்னதும் நீங்க. இப்ப எங்க உட்காரணும்னு சொல்றதும் நீங்க."

"ஆமா."

"எங்கண்ணன் உங்களை டிரைவர்னுதான் கூப்பிடும், இல்ல?"

"ஆமா."

"அழுகை வரலையா அண்ணி உங்களுக்கு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இன்னும் வரலம்மா."

நாத்தனார் பின்னல் சட்டையை வாங்கிக்கொண்டாள். முகத்தோடு சேர்த்து ஒரு தரம் முகர்ந்தாள். ரொட்டி மாவின் வாசனை இன்னும் இருந்திருக்க வேண்டும், அவளுடைய கண்கள் நிரம்பிவிட்டன. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு செருப்பை மாட்டினாள். வரேன் என்றும் சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் வாசலில் நிற்கவில்லை. போகிறவளை நின்று பார்ப்பது கெஞ்சுவதுபோல் இருக்கும். கதவை ஒருக்களித்துவிட்டு, தாழ்ப்பாளை நோக்கி நீட்டிய கையோடு அதற்குப் பின்னால் நின்றாள். கண்ணைவிட அவளுக்குக் காது நம்பகமானது. கார்க் கதவுகளின் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவள். முன் கதவு கனமாக விழும், பின் கதவு சின்னது, பெட்டி மூடியதுபோல் விழும்.

முன் கதவு திறந்தது. பக்கத்து சீட் கதவு.

புருஷன் ஏதோ கேட்டார். நாத்தனார் ஏதோ சொன்னாள். வார்த்தை புரியவில்லை. குழந்தை தூக்கம் கலைந்து சிணுங்கியது. முன் கதவு அறைந்து மூடியது.

நீட்டிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது, மூட்டை முறுக்கி விட்டதுபோல.

செருப்புச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்தது. டிரைவர் பக்கத்தில், பின்னால், ஒரு கதவு திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பெட்டி மூடியதுபோல் விழுந்தது.

கார் கிளம்பித் தெரு முனையில் திரும்பும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, யாரோ ஒரு விரலால் தொட்டதுபோல், அந்தக் கை விழுந்தது. அதை மறுபடி தூக்கிக் கதவைச் சாத்தினாள்.